கோட்டு காய்ந்த சுவர்

பீப்பாயில் விஸ்கி குறைந்தால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பீப்பாயையா, அதன் பக்கத்தில் நிற்கும் ஆளையா? நல்லவராகத் தெரிய வேண்டும் என்று அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். கடைசியாக உங்கள் வீட்டில் ஒரு தோடு காணாமல் போனபோது குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தீர்களா, நிமிர்ந்து வேலைக்காரப் பெண்ணின் முகத்தைப் பார்த்தீர்களா? யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் கிலாலன் ஊரில் முகத்தைத்தான் பார்த்தார்கள். அட்ராக்டா கெரிட்டியின் முகத்தை.

கதை நல்லபடியாக முடிந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் மானத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு உங்களைப் பரபரக்க வைக்க எனக்கு மனமில்லை. இது அட்ராக்டாவிடமே கற்ற பழக்கம்தான். நான் மேயோ மாவட்டத்தின் புத்தக வண்டியை ஓட்டுகிறவன். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன் அவள் வேலை பார்க்கும் விஸ்கி வடிசாலையின் முற்றத்தில் வண்டியை நிறுத்துவேன். கொலைக் கதை எடுத்தால் அட்ராக்டா கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பாள்.

"யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியா படிக்கலாம்ல, லவெல்? நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறதுக்கு வெளியில ஆயிரம் இருக்கு. காசு குடுக்காம கிடைக்குது" என்பாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. அவள் அப்பா ஜார்லத் கெரிட்டி, ஊருக்கு மேலே சதுப்பு மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சியவர். ஊரில் குடிக்காதவன் இல்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மாட்டுக்குச் சளி பிடித்தால் தேய்க்கவும் அவர் சரக்குதான். அட்ராக்டாவுக்கு ஒன்பது வயதானபோது போலீஸ் வந்து சாராயம் வடிக்கும் வாலையை உடைத்தது. ஜார்லத்துக்கு மூன்று மாதச் சிறை. வாங்கிக் குடித்தவர்களில் ஒருவனுக்கும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த வருடம் பள்ளியில் பூசைக்கு வைத்திருந்த மெழுகுவர்த்திப் பொட்டலம் காணாமல் போனது. முப்பத்தொரு பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஒரே ஒரு பையைத்தான் கவிழ்த்துக் கொட்டினார்கள். பொட்டலம் பிறகு புனித சூசையப்பர் சிலைக்குப் பின்னால் கிடைத்தது. சிலையை யாரும் விசாரிக்கவில்லை. அட்ராக்டாவிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை.

பதினெட்டு வயதில் கப்பலேறி இங்கிலாந்து போனாள். கவென்ட்ரியில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம். அம்மா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தாள். அதன்பின் மீன் பதனிடும் கொட்டகை. அதுவும் மூடிப் போனது. ஒன்பது வருடத்துக்கு முன் எண்டா மோரன் என்பவர் துறைமுகத்துப் பழைய ஹெரிங் மீன் கிடங்கை வாங்கி, இரண்டு செம்பு வாலைகளை வைத்து, சிறிய அளவில் விஸ்கி வடிக்கத் தொடங்கினார். முதலாளியும் அவரே, வடிப்பவரும் அவரே. அட்ராக்டா புட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு பீப்பாய்க் கிடங்கின் சாவி அவள் கைக்கு வந்தது. பார்க்க வரும் பயணிகளைச் சுற்றிக் காட்டும் வேலையும் வந்தது, அவள் குரல் மழைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் என்பதால்.

அந்த லேபிளில் ஒரு படம் உண்டு. மலைச்சரிவில் புகை, புகைக்கு நடுவே தாடிக்காரன் ஒருவன், கீழே ஏமாந்து நிற்கும் சுங்கக்காரர்கள். 'சட்டத்துக்குப் பணியாத எங்கள் மலையின் நெருப்பு' என்று பொன்னெழுத்து. அது ஜார்லத்தான் என்று ஊருக்கே தெரியும்.

"எங்கப்பாவுக்குத் தாடியே கிடையாது. தாடியோட வந்தா எங்கம்மா கதவையே தொறந்திருக்க மாட்டா" என்பாள் அட்ராக்டா. பயணிகள் சிரிப்பார்கள், புட்டி வாங்குவார்கள்.

இதை நன்றாகக் கவனியுங்கள். செத்துப்போன கள்ளச்சாராயக்காரன் லேபிளில் ஏறினால் அது பாரம்பரியம். உயிரோடிருக்கும் அவன் மகள் கிடங்குச் சாவி வைத்திருந்தால் சந்தேகம்.

சந்தேகத்தின் பெயர் ராஸ் டெம்ப்சி. டப்ளினிலிருந்து எட்டு மாதத்துக்கு முன் வந்த புது மேலாளர். ஒரு பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை பீப்பாய்களின் வாயில் அளவுகோலை இறக்கி ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். விஸ்கி மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாவது வழக்கம். அப்படிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஆனால் நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தொன்று வரை பதினொரு பீப்பாய்களில் மட்டும், மற்றவற்றைவிட பீப்பாய்க்கு ஒரு வாளி அதிகமாகக் குறைந்திருந்தது.

அட்ராக்டா இதை எனக்குச் சொன்னது வியாழன் மதியம். வண்டிக்குள் ஏறி, கையிலிருந்த நான்கு புத்தகங்களையும் மேசையில் அடுக்கி, அவற்றின் மேல் நூலக அட்டையை வைத்தாள்.

"இதையும் எடுத்துக்க, லவெல். இனிமே வேணாம்."

"என்ன, கண்ணு போயிடுச்சா?"

"பேரு போயிடுச்சு." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துக்கு ஒரு கோடு.

"யாரோட சொந்த விருப்பம்?"

"டெம்ப்சியோடது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போடணுமாம். போடலன்னா போலீசுக்கும் சுங்கத்துக்கும் போன் பண்ணுவாராம். 'உங்க வயசுக்கு மரியாதை குடுத்துதான் இப்படி'ங்கறார். 'உங்களைக் குத்தம் சொல்லல, ஆனா இதெல்லாம் ரத்தத்துல ஊறினது'ங்கறார். ரத்தத்துல! என்னமோ எங்கப்பா எனக்கு மூக்கைக் குடுத்த மாதிரி திருட்டையும் குடுத்துட்டுப் போன மாதிரி."

"எண்டா என்ன சொன்னார்?"

"ஜன்னல் வழியா கடலைப் பாத்தார். நல்லா பாத்தார். கப்பல் ஏதாச்சும் வருதான்னு பாத்தாரோ என்னவோ."

"நீ எடுத்தியா?"

அவள் என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ரெண்டு நாளா இந்த ஊர்ல நேருக்கு நேரா கேட்ட முதல் ஆள் நீதான். இல்ல. எடுக்கல. ஆனா நேத்து கசாப்புக் கடைக்குப் போனேன், பேச்சு நின்னுபோச்சு. அம்பது வருஷம் கழிச்சு அதே பை, லவெல். மறுபடி கவுத்துக் கொட்டறாங்க."

"கையெழுத்துப் போடாதே."

"போடலன்னா பேப்பர்ல வரும். போட்டா வாய்ல வரும். எது மெதுவா சாகும்னு யோசிச்சிட்டிருக்கேன்." கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு மணிக்கு ஒரு கூட்டம் வருது. ஆஃபாலி மாவட்டத்துலேர்ந்து ஓய்வு பெத்த தபால்காரங்க ஒம்பது பேரு. கடைசிச் சுத்து. நீயும் வா. ஒம்பது வருஷமா முற்றத்துலயே நிக்கறியே, உள்ள ஒரு தரமாவது வந்திருக்கியா?"

வந்ததில்லை. அன்று போனேன்.

தபால்காரர்கள் முற்றத்தைக் கடப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். கிலாலன் மழை மேலிருந்து மட்டும் பெய்யாது. அவர்களில் டோனல் என்ற ஆறடி ஆள்தான் வாயாடி. பழைய தபால்துறைக் கோட்டு ஒன்று போட்டிருந்தார், அது குடித்த தண்ணீரில் ஒரு ஆட்டைக் குளிப்பாட்டலாம். அட்ராக்டா அவர்களை முளைவிட்ட பார்லி ஊறும் தொட்டிக்கும் செம்பு வாலைகளுக்கும் கூட்டிப் போனாள். குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. ஒவ்வொரு கதவையும் தாண்டும்போது அதன் கைப்பிடியை ஒரு விநாடி பிடித்து, பிறகு விட்டாள். அது எனக்கு மட்டும் தெரிந்தது.

பீப்பாய்க் கிடங்கு நீளமான கல் கட்டடம். உள்ளே இருட்டு, ஈரம், வெனிலா கலந்த மர வாசனை. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. விஸ்கி ஆவியைத் தின்றே வளர்வது.

"வருஷத்துக்கு நூத்துல ரெண்டு பங்கு இப்படி ஆவியாப் போகுது. தேவதைங்க குடிக்கறாங்கன்னு சொல்லுவாங்க" என்றாள் அட்ராக்டா.

"எங்க ஊர்ல தேவதைங்க ஏன் எறங்கலன்னு இப்பதான் புரியுது. எல்லாம் இங்கதான் கவுந்து கிடக்குதுங்க" என்றார் டோனல்.

அட்ராக்டா ஒரு நீண்ட செம்புக் குழாயை எடுத்தாள். பீப்பாயின் வாயில் விட்டு, மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் ஒரு மடக்கு விஸ்கி வரும். "இதுக்குப் பேரே திருடன். அமெரிக்காவுலேர்ந்து வந்த பீப்பாயோட பேரும் வந்துடுச்சு" என்றாள். சற்று நிறுத்தி, "இந்தக் கிடங்குல திருடன் இது ஒண்ணுதான்" என்று சேர்த்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

டோனல் சிரிக்கவில்லை, குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, இந்தக் கோட்டை எங்கயாவது தொங்கவிடலாமா? முதுகுல ஒரு ஏரியைச் சுமக்கற மாதிரி இருக்கு."

"அதோ அந்த மூலைல ஆணி இருக்கு பாருங்க. மாட்டுங்க, போறதுக்குள்ள காஞ்சிடும். நாங்க எல்லாரும் அங்கதான் மாட்டுவோம்." இதைச் சொல்லும்போது அவள் மூலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆணியில் ஏற்கெனவே ஒரு நீல மழைக்கோட்டு தொங்கியது.

டோனல் அங்கே போனார். அங்கேயே நின்றார்.

"காயுமா? பிப்ரவரில? கல் சுவர்ல?" என்று திரும்பிக் கத்தினார். "எங்க வீட்ல அடுப்பு பக்கத்துல வெச்சாலே மறுநாள் வரைக்கும் சொட்டும். என்னம்மா சுவர் இது, ரொட்டி சுடலாம் போல இருக்கு!"

அட்ராக்டா அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியிருந்தாள். அதை முடிக்கவில்லை. குழாயைக் கையில் பிடித்தபடியே மூலைக்கு நடந்தாள். ஆணிக்குக் கீழே வரிசையாகக் கிடந்த பீப்பாய்களின் முகத்தில் வெள்ளைப் பெயிண்டில் எண்கள். விரலை வைத்து வாய்விட்டுப் படித்தாள்: நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று... ஐம்பத்தொன்று. அத்துடன் சுவர் முடிந்தது. உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். அந்தச் சுவரில் மட்டும் பூஞ்சை இல்லை. வெளிறி, எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது.

"லவெல், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

எனக்கே தெரியும். பயணிகள் உட்கார்ந்து ருசி பார்க்க இரண்டு வருடத்துக்கு முன் கட்டிய அறை. அதில் பெரிய விறகு அடுப்பு; அதன் புகைபோக்கி இந்தப் பழைய சுவருக்குள்ளேயே ஏறுகிறது. காலையில் மூட்டினால் கடைசிப் பயணி போகும்வரை எரியும். இரண்டு மாரிக்காலமாக, நனைந்து வந்த ஒவ்வொருவரும் கோட்டைக் கொண்டுவந்து இந்த ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். சுவர் ஏன் சுடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈரத்திலேயே பிறந்து ஈரத்திலேயே வாழும் எங்களுக்கு உலர்ந்த இடம் ஒன்று கிடைத்தால் அது வரம். வரத்துக்கு யார் காரணம் கேட்பார்கள்?

அட்ராக்டா ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். எதிர்ப்புறத்துப் பன்னிரண்டாம் பீப்பாயிலிருந்து ஒரு மடக்கு, நாற்பத்தொன்றிலிருந்து ஒரு மடக்கு. இரண்டையும் இரண்டு சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மூடி, இரு கையிலும் பிடித்துக் குலுக்கி விளக்குக்கு நேரே தூக்கினாள்.

"கண்ணு நல்லா தெரியறவங்க யாரு?"

"கண்ணாடி போட்டா எல்லாருக்கும் தெரியும், அம்மா. அட்ரஸ் படிச்சே பொழச்சவங்க நாங்க."

"குமிழியைப் பாருங்க. எதுல பெருசு? எதுல சீக்கிரம் உடையுது?"

ஒன்பது தலைகளும் முட்டிக்கொண்டன. "நாப்பத்தொண்ணு!" என்றார்கள் ஏககாலத்தில். "பெருசு பெருசா வந்து டப்புனு போயிடுது."

"அப்படீன்னா அதுதான் காரம் கூட" என்றாள் அட்ராக்டா. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எங்கப்பாகிட்ட மானியும் இல்ல, மீட்டரும் இல்ல. இப்படித்தான் பாப்பார். லவெல், எண்டாவைக் கூப்பிடு. அந்த டெம்ப்சியையும் கூப்பிடு. கண்ணாடி மிதவையை எடுத்துட்டு வரச் சொல்லு."

இருவரும் வந்தார்கள். டெம்ப்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "நாலரை ஆச்சு, மிஸ் கெரிட்டி. விருந்தாளிங்க முன்னாடி எதுக்கு இந்த..."

"விருந்தாளிங்கதான் சாட்சி. எண்டா, ரெண்டையும் அளந்து பாருங்க."

எண்டா உயரமான கண்ணாடிக் குவளையில் விஸ்கியை ஊற்றி, காரம் அளக்கும் மிதவையை இறக்கினார். பன்னிரண்டாம் பீப்பாய்: நூற்றுக்கு அறுபத்தொன்று. நாற்பத்தொன்று: அறுபத்தாறு. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு தாமாகவே நாற்பத்தைந்தையும் ஐம்பதையும் அளந்தார். அறுபத்தைந்தரை, அறுபத்தாறு.

"அஞ்சு வருஷம் முன்னாடி எல்லாத்தையும் அறுபத்து மூணரைல ரொப்பினோம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"அதனால என்ன?" என்றார் டெம்ப்சி.

"நான் சொல்றேன்" என்றாள் அட்ராக்டா. "நம்ம ஊர் ஈரத்துல சாராயச் சத்து முந்திக்கிட்டு ஆவியாகும், காரம் எறங்கும். காஞ்ச சூட்டுல தண்ணி முந்திக்கிட்டுப் போகும், காரம் ஏறும். நான் திருடியிருந்தா அளவு குறையும், காரம் அப்படியே இருக்கும். திருடிட்டுத் தண்ணி ஊத்தியிருந்தா காரம் எறங்கும். திருடி எவனாலயும் காரத்தை ஏத்த முடியாது, டெம்ப்சி சார். எங்கப்பாவாலயே முடியாது. அந்தச் சுவர்ல கை வெச்சுப் பாருங்க."

டெம்ப்சி கை வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆணியில் தொங்கிய நீல மழைக்கோட்டு அவருடையது; காலரிலேயே டெம்ப்சி என்று தைத்திருந்தது. காலையில் நனைந்து வந்து மாட்டியது, மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் நடைமுறை" என்றார் மெல்ல.

"நடைமுறைன்னா முதல்ல உங்க கோட்டைத்தானே விசாரிச்சிருக்கணும்?" என்றார் டோனல். "தினமும் பதினொரு பீப்பாய்க்கு நடுவுல நின்னது அதுதான். எங்க தபால் ஆபீஸ்ல ஒரு கடுதாசி காணோம்னா மொதல்ல பைக்குள்ள கையை விட்டுத் துழாவுவோம். அப்புறம்தான் ஆளு."

எண்டா தொண்டையைச் செருமினார். "அட்ராக்டா, நடந்தது நடந்துபோச்சு. மறந்துடுவோம். அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடு."

குற்றம் சாட்டியதற்கு அச்சடித்த தாள். பொய் என்று தெரிந்தால் மறதி! அநியாயம் செய்தவர்களுக்கு எப்போதுமே ஞாபகசக்தி குறைவு. நான் வாயைத் திறந்தேன். அட்ராக்டா கையைக் காட்டி அடக்கினாள்.

"கிழிக்க மாட்டேன்" என்றாள். "பேனா இருக்கா, டெம்ப்சி சார்? திருப்பிப் போட்டு அதோட முதுகுல எழுதுங்க. என்ன தப்பு நடந்துச்சு, யாரு பண்ணினது, யாரு பண்ணல. அவ்வளவுதான். கீழ கையெழுத்து. எண்டா, நீங்களும் போடுங்க. அப்புறம் அந்தக் கோட்டை எடுத்துட்டு இந்தத் தாளை அந்த ஆணில மாட்டுங்க. இங்க வர்ற ஒவ்வொருத்தரும் படிக்கட்டும். கசாப்புக் கடைக்கும் தானா போய்ச் சேரும்."

டெம்ப்சி எண்டாவைப் பார்த்தார். எண்டா இந்த முறை கடலைப் பார்க்கவில்லை. அங்கே ஜன்னலும் இல்லை. "எழுதுங்க" என்றார்.

ஒரு பீப்பாயின் முதுகில் வைத்து எழுதினார்கள். டோனல் எட்டிப் பார்த்து எழுத்துப்பிழை திருத்தினார். ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தபோது தாள் ஆணியில் ஏறியது. தபால்காரர்கள் கைதட்டினார்கள். அட்ராக்டா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, இரண்டு நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அந்த மூச்சைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். பிறகு, "ரெண்டு நாளா டீ தவிர எதுவும் எறங்கல. யாருகிட்டயாவது ரொட்டி இருக்கா?" என்றாள். ஒன்பது பொட்டலங்கள் திறந்தன. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, முட்டை வைத்த ரொட்டி, ஒருவர் பையில் பாதிக் கேக்கு. எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

வண்டிக்கு வந்து நூலக அட்டையை என் மேசையிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள். "புதுக் கொலைக் கதை ஏதாச்சும் வந்திருக்கா?" கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். சற்று யோசித்து மூடிவிட்டாள். "வேணாம். இதை முதல்லேர்ந்தே படிக்கறேன். இன்னிக்குத் தாங்கும்."

இப்போது அந்தப் பதினொரு பீப்பாய்களும் வேறு சுவருக்குப் போய்விட்டன. டெம்ப்சி இன்னும் அங்கேதான் இருக்கிறார், தன் கோட்டைக் காரிலேயே விட்டுவிட்டு வருகிறார். தாள் ஆணியில் இருக்கிறது. சுற்றிக் காட்டும்போது அட்ராக்டா அதன் முன் நின்று இரண்டு விஷயம் சொல்கிறாள்: தேவதை யாரும் வந்து குடிப்பதில்லை, அது வெறும் சூடும் காற்றும்; லேபிளில் தாடியோடு இருப்பவர் உண்மையில் தாடி இல்லாமல் மூன்று மாதம் சிறையில் இருந்தார், அப்போது வீட்டில் ஆறு பிள்ளைகள். புட்டி விற்பனை குறையவில்லை. உண்மை சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று எண்டா பயந்தது வீண்.

அன்று மழை பெய்யாமல் இருந்திருந்தால்? டோனல் லேசான கோட்டுப் போட்டு வந்திருந்தால்? ஒரு பெண்ணின் பெயர் ஒரு தபால்காரரின் ஈரக் கோட்டை நம்பித் தொங்கியிருக்கக் கூடாது. ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஏதாவது குறைந்து, எல்லோரும் ஒரே முகத்தைத் திரும்பிப் பார்த்தால், நீங்களும் பார்க்காதீர்கள். எழுந்து போங்கள். முதலில் சுவரில் கை வைத்துப் பாருங்கள்.